விரலுக்குக் கண் இருந்த கார்கள்

ஆடி மாதம், குற்றாலத்தில் சீசன். அருவியில் குளித்துவிட்டு அப்படியே ஆரியங்காவு கோயிலுக்குப் போய்வரலாம் என்று கிளம்பினோம். மச்சினனின் புதுக் கார், ஓட்டியது நான். பக்கத்தில் எங்கள் தெரு அண்ணாச்சி, முப்பது வருஷம் கொல்லத்துக்குக் காய்கறி லோடு அடித்தவர். பின்சீட்டில் மூன்று பேர், தலைகூடச் சரியாகத் துவட்டாமல். செங்கோட்டை வரை ஒன்றுமில்லை. புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது சாரல் வலுத்தது. நாலே மூச்சில் முன்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. எதிரே லாரி இறங்கி வருவது ஹாரன் சத்தத்தில்தான் தெரிந்தது.

ஏசிக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் திருப்புவதற்குக் குமிழ் எதுவும் இல்லை. தட்டு அளவுக்கு ஒரு திரை இருந்தது, அதில் ஒரு பாட்டின் அட்டைப்படம் இருந்தது. அதை மூடி, ஏசி பக்கத்தைத் திறந்து, அதற்குள் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தொட வேண்டும். என் விரலில் ஈரம். தொட்டேன், அசையவில்லை. மறுபடி தொட்டேன், எஃப்எம் பாடியது. அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து எனக்கு நேரே கண்ணாடியைத் துடைத்தார். "ரோட்டைப் பாரு தம்பி, அந்தச் சனியனை அப்புறம் பாத்துக்கிடலாம்."

பார்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபிறகு.

முதலில் அந்த ஆவி. மழை வெளிக்கண்ணாடியைக் குளிரவைக்கிறது. உள்ளே ஐந்து பேரின் மூச்சும் ஈரத் துணியும் காற்றில் நீராவியை ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. கண்ணாடி ஓர் அளவுக்குக் கீழே குளிர்ந்ததும், தன்மேல் படும் காற்றிலுள்ள நீராவியைத் துளியாக்கிவிடுகிறது. பனிநிலை என்று பள்ளியில் படித்தது இதைத்தான். ஏசியைக் கண்ணாடிக்குத் திருப்பினால் ஏன் தெளிகிறது? குளிர்ச்சியால் இல்லை, வறட்சியால். ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த சுருளைத் தொடும்போது காற்று தன் ஈரத்தை அங்கேயே விட்டுவிடும். காருக்கு அடியில் சொட்டுகிறதே, அந்தத் தண்ணீர்தான் அது. மிச்சமிருக்கும் வறண்ட காற்று, கண்ணாடியிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெப்பநிலையைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் இன்னும் சீக்கிரம் தெளியும். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நம் மூச்சு நம்மையே சுற்றும். இன்னொன்று, கண்ணாடியை ரொம்பவும் குளிரவைத்தால் ஆவி வெளிப்பக்கம் படியும். அதற்கு வைப்பர் போதும். விரலால் உள்ளே ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

பழைய கார்களில் இதற்கு ஒரு நெம்புகோல் இருந்தது. அதைத் தள்ளினால் பின்னால் ஒரு கம்பி இழுபடும், கம்பி ஒரு மூடியைத் திருப்பும், காற்று கண்ணாடிக்குப் போகும். சைக்கிள் பிரேக் மாதிரி. இப்போது அந்த மூடியைத் திருப்புவது ஒரு குட்டி மோட்டார். மோட்டாருக்கு உத்தரவு, காரின் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் என்ற கம்பித்தடம் வழியாகப் போகிறது. 1986ல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏற்பாடு அது. உத்தரவு குமிழிலிருந்து வந்தாலும் ஒன்றுதான், திரையிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். அங்கேதான் குமிழின் வேலை போனது. ஒவ்வொரு பொத்தானுக்கும் அச்சு, கம்பி, விளக்கு, சோதனை என்று தனித்தனிச் செலவு. பின்புறக் கேமராவுக்காகத் திரை எப்படியும் வேண்டும். சரி, எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போட்டுவிடலாமே என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். அதே 1986ல் பியூக் ரிவியேரா காரில் பச்சை எழுத்துள்ள ஒரு தொடுதிரை வந்தது. ஓட்டுநர்கள் அதை விரும்பவில்லை, சில வருஷங்களில் காணாமல் போனது. அந்தப் பாடத்தை யாரோ மறந்துவிட்டார்கள் போல.

ஈர விரலை ஏன் திரை மதிக்கவில்லை? கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருள், மின்சாரத்தைக் கடத்தும், ஒளியையும் விடும். இரண்டு கோடுகள் கடக்கும் இடந்தோறும் மிகச் சிறிய மின்புலம் நிற்கிறது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் உப்புத் தண்ணீர் மூட்டை. விரல் பக்கத்தில் வந்தால் அந்தப் புலத்தில் கொஞ்சத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். எந்தச் சந்திப்பில் குறைந்தது என்று ஒரு சில்லு நொடிக்குப் பல பத்து முறை எண்ணிப் பார்க்கிறது. அழுத்தம் அதற்குத் தேவையே இல்லை, ஓங்கிக் குத்தினாலும் ஒன்றுதான். ஆனால் தண்ணீரும் இந்த மின்புலத்தைக் குலைக்கும். ஈர விரல் வைத்தால் ஒரு புள்ளி பரந்த திட்டாகிவிடுகிறது. நடு எங்கே என்று சில்லு தடுமாறும். ஒன்று, தவறான இடத்தைச் சொல்லும், அல்லது பேசாமல் இருந்துவிடும். எனக்கு இரண்டுமே நடந்தது.

இருந்தாலும் பெரிய சிக்கல் தண்ணீர் இல்லை, கண்தான். கூர்மையாகப் பார்க்கும் பகுதி நம் விழித்திரையில் மிகச் சின்னது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு, சுமார் 2 பாகை. அம்புக்குறியைத் தேடும்போது அந்தக் கூர்மை முழுக்கத் திரைக்குப் போகிறது, ரோடு ஓரக்கண்ணுக்கு மங்கலாகத்தான் கிடைக்கும். தூரத்திலிருந்து பக்கத்துக்கும், திரும்பவும் தூரத்துக்கும் கண் குவியம் மாற நேரம் வேண்டும். என்னைப்போல வெள்ளெழுத்து தொடங்கியவர்களுக்குக் கிட்டத்தில் குவியவே குவியாது. மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏறினாலும் 2 நொடியில் கார் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். எஸ் வளைவில் அந்த 16 மீட்டருக்குள் ஒரு லாரி முழுசாக அடங்கும்.

குமிழுக்குக் கண் வேண்டாம். கை எங்கே இருக்கிறது என்பது பார்க்காமலேயே மூளைக்குத் தெரியும், சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக் கண்ணாடி பார்ப்பதில்லையே. விரல் குமிழைப் பிடித்ததும் வண்டி குலுங்கினாலும் கை அதையே பிடிமானமாக்கிக்கொள்ளும். திருகினால் ஒவ்வொரு படியும் 'டக்' என்று பதில் சொல்லும். திரைமுன் நீட்டிய கை அந்தரத்தில் நிற்கிறது. ஒரு குழியில் இறங்கினால் விரல் பக்கத்துப் பொத்தானில் இறங்குகிறது.

2022ல் வி பிலாகரே என்ற ஸ்வீடன் கார் பத்திரிகை இதை அளந்து பார்த்தது. மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டிக்கொண்டே ரேடியோ, ஏசி போன்ற நாலு வேலைகளைச் செய்ய வேண்டும். பொத்தான்கள் உள்ள 2005ஆம் வருஷத்து வால்வோவில் 10 நொடி ஆனது, அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. புதிய கார்களில் கடைசியாக வந்ததற்கு 44.6 நொடி, 1,372 மீட்டர். ஓட்டியவர்களுக்கு அந்தக் கார்களைப் பழகிக்கொள்ள நேரமும் தந்திருந்தார்கள். அந்தத் தூரம் எங்கள் மலைப்பாதையில் எத்தனை வளைவு என்று நானே எண்ணிப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஐரோப்பாவில் கார்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையில் படும் கட்டுப்பாடு இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று அறிவித்தது. நல்லதுதான். ஆனால் அந்த ஐந்தில் கண்ணாடியைத் தெளியவைக்கும் பொத்தான் இல்லை. பட்டியல் போட்டவர்கள் சாரலில் மலை ஏறியிருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு மலையில், "வாயால சொன்னா கேக்கும்னு மச்சான் சொன்னாரே" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். சொல்லிப் பார்த்தோம். நாம் பேசுவதைப் புரிந்துகொள்ளும் வேலை பெரும்பாலும் காருக்குள் நடப்பதில்லை. குரல் காரிலுள்ள சிம் வழியாக எங்கேயோ உள்ள சர்வருக்குப் போய், பதில் திரும்பி வர வேண்டும். கோட்டைவாசல் பக்கம் மலை மறைக்கிறது, டவர் கிடைக்காது. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி இன்னொரு முறை துண்டால் துடைத்தார்.

ஆரியங்காவில் சாயா குடித்துவிட்டு ஒரு பெட்டிக்கடையில் அவர் ஷாம்பு பாக்கெட் வாங்கினார். ரெண்டு சொட்டைத் துணியில் விட்டு, கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கத் தடவி, பழைய மலையாளப் பேப்பரால் பளபளக்கத் தேய்த்தார். ஷாம்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். படியும் ஈரம் உருண்டையான துளியாக நின்று வெளிச்சத்தைச் சிதறடிக்காமல், மெல்லிய படலமாகப் பரவிவிடும். படலத்தின் ஊடாகப் பார்க்கலாம். லாரிக்காரர்களுக்கு இது பழைய விஷயம்.

திரும்பும்போதும் அதே சாரல், அதே ஐந்து பேர். கண்ணாடி தெளிவாக இருந்தது, திரையைத் தொடவே இல்லை. புளியரையில் இறங்கி டவர் கிடைத்ததும் அதுவாகவே விழித்துக்கொண்டு, புது அப்டேட் வந்திருக்கிறது, இப்போதே போடட்டுமா என்று கேட்டது.