சிறு படகில் கடலும் கழிமுகமும்: இராமநாதபுரம் கரையில் திரும்பும் கணக்கை முதலில் போடுங்கள்

இராமநாதபுரம் கரையில் சிறு படகில் இரண்டு மூன்று நாள் சுற்றலாம் என்று கிளம்புகிறவர்கள், வரைபடத்தை விரித்ததும் எதுவரை போகலாம் என்றுதான் பார்க்கிறார்கள். போகும்போது பெரும்பாலும் சிரமம் இருப்பதில்லை. காற்று முதுகில் இருக்கும், நீரோட்டமும் சேர்ந்து தள்ளும். திரும்பும்போது அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது, பெட்ரோல் அடிமட்டத்துக்குப் போகிறது, பொழுதும் சாய்ந்துவிடுகிறது. ஆகவே இந்தக் கரையில் திட்டம் போடுவது கரைக்குத் திரும்பும் நேரத்திலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், அந்த நேரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், அதை எதிர்த்து வர எவ்வளவு பெட்ரோல் தேவை என்பதெல்லாம் முடிவான பிறகுதான் எதுவரை போகலாம் என்று பார்க்க வேண்டும்.

மண்டபத்துக்கும் இராமேசுவரம் தீவுக்கும் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்ப் பேச்சில் வடகடல், தென்கடல். தனுஷ்கோடிப் பக்கம் இவற்றையே பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். தென்கடல் இந்தியப் பெருங்கடலுக்குத் திறந்து கிடப்பதால் எங்கோ தொலைவில் எழுந்த அலையும் அங்கே வந்து சேரும். வடகடல் மூன்று பக்கம் அடைபட்டது, ஆழமும் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்குள்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்று, அப்போது தென்கடல் பொங்கும். அக்டோபர் முதல் வாடை எனும் வடகிழக்குக் காற்று பிடித்ததும் வடகடல் குமுறும். புதிதாக வருகிறவர்களுக்கு ஏற்றது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. அந்த நாட்களிலும் விடியற்காலைக் காற்றை மட்டுமே நம்பலாம். பத்து, பதினோரு மணிக்கு மேல் கடற்காற்று எழும்பி, ஆழம் குறைந்த நீரில் குட்டையான செங்குத்து அலைகளைக் கிளப்பும். அரை மீட்டர் அலைதானே என்று தோன்றும். ஆனால் மூன்று நான்கு வினாடிக்கு ஒன்றாக வந்து மோதும்போது 22 அடிப் படகின் அணியம் (முன்முனை) ஒவ்வொன்றிலும் இறங்கி இறங்கி நீர் அள்ளும்.

கச்சான் காலத்தில் வடகடலில் ஓர் ஆபத்து உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். ஜூலையில் மண்டபம் வடகரையிலோ பாம்பன் வடகரையிலோ நின்று பார்த்தால் கடல் கண்மாய் போலக் கிடக்கும். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை, அவ்வளவுதான். ஒன்றிரண்டு கடல் மைல் வெளியே போனால் அலை தெரியத் தொடங்கும். அங்கே இன்ஜின் நின்றால் காற்று படகை வடகிழக்கே, கச்சத்தீவுப் பக்கம் தள்ளிக்கொண்டே போகும். மணிக்கு ஒரு கடல் மைல் நகர்ந்தாலே ஓர் இரவில் பத்து, பன்னிரண்டு மைல். 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த சர்வதேச எல்லைக்கோடு இங்கே அவ்வளவு அருகில் இருக்கிறது. தெரியாமல் தாண்டினோம் என்ற சொல் எல்லைக்கு அப்பால் செல்லுபடியாகாது. அதனால் கச்சான் மாதங்களில் வடகடலில் போகிறவர்கள், நங்கூரம் போட்டால் தரை பிடிக்கும் ஆழத்தைத் தாண்டக் கூடாது. சிறு படகில் இருக்கும் கயிற்றுக்கு அது ஏறத்தாழ 3 பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி). ஜி.பி.எஸ். கருவியில் எல்லைக்கு 3 கடல் மைல் முன்பாகவே அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்துக்கு எந்தப் பாதை?

மண்டபம் வடகரையிலிருந்து ஆற்றங்கரை, அங்கிருந்து தேவிபட்டினம், பிறகு காரங்காடு. முதல் இரண்டு கட்டங்களும் தலா சுமார் 9 கடல் மைல், மூன்றாவது ஏறத்தாழ 11. ஒவ்வொரு கட்டத்தையும் காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் முடித்துவிடலாம். நடுவில் ஒதுங்க மணல் கரையும் சேற்றுக் கரையும் உண்டு. பாம்பன் கால்வாயைக் கடக்க வேண்டியதில்லை, தேசியப் பூங்காத் தீவுகளும் குறுக்கே வருவதில்லை. தென்கடலில் கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் வழி அழகானதுதான். ஆனால் கட்டங்கள் நீளமானவை, தீவுகளைச் சுற்றி நீருக்கடியில் பவளப்பாறை கிடக்கிறது. வடகடல் பழகிய பிறகு அங்கே போங்கள்.

பாம்பன் வழியாகக் கடந்தே ஆக வேண்டும் என்றால் அதை ஒரு தனி வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் அருகே 2025 ஏப்ரலில் செங்குத்துத் தூக்குப் பாலம் திறக்கப்பட்டது. பாலம் தூக்க வேண்டிய உயரமுள்ள படகுகள் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்கி வரிசையில் காத்திருக்க வேண்டும். வள்ளங்கள் பாலம் தூக்காமலேயே அடியில் போய்விடும், அதனால்தான் பலரும் அலட்சியமாகப் போகிறார்கள். கச்சான் காலத்தில் நீர் தெற்கிலிருந்து வடக்கேயும் வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கேயும் அந்த இடுக்கில் பிய்த்துக்கொண்டு ஓடும். அதற்கு எதிராகக் காற்று அடித்தால் அலை நின்ற இடத்திலேயே எழுந்து எழுந்து விழும். இருபுறமும் பாறை. உள்ளூர்ப் படகு ஒன்றை முன்னால் விட்டு, நீரோட்டம் தளரும் நேரத்தில் மட்டும் கடக்க வேண்டும்.

பெட்ரோல் கணக்கு

9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் மாட்டும் இன்ஜின், முழு வேகத்தில் மணிக்கு மூன்றரை முதல் நான்கு லிட்டர் குடிக்கும். நான்கு பேர், சாமான், 22 அடி பைபர் படகு என்றால் அமைதியான நீரில் மணிக்கு 6 கடல் மைல் ஓடும் என்று வைப்போம். மண்டபத்திலிருந்து ஆற்றங்கரைக்கு ஒன்றரை மணி நேரம், 6 லிட்டர். திரும்புவதற்கும் அதே 6 லிட்டர் என்று போடுவதுதான் வழக்கமான தவறு. எதிர்காற்றில் வேகம் 4 மைலாகக் குறையும் என்று எடுத்துக்கொண்டால் இரண்டேகால் மணி நேரம், 9 லிட்டர். ஆக 15. அதில் பாதியைக் கையிருப்பாகச் சேர்த்தால் இருபத்திரண்டரை. ஒரு 25 லிட்டர் டேங்க் நிரம்ப வேண்டும். தூரத்துக்கு இவ்வளவு என்று பார்க்காமல் மணிக்கு இவ்வளவு என்றே கணக்கிடுங்கள், ஏனென்றால் இன்ஜின் நேரத்துக்குத்தான் குடிக்கிறது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில். அதைக் கரையிலேயே கலந்துவிட வேண்டும்.

நடுக்கடலில் இன்ஜின் நின்றதும் எல்லோரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுகிறார்கள். அதற்கு முன் டேங்க் மூடியைப் பாருங்கள். அதன் நடுவில் ஒரு சிறு காற்றுத் திருகு இருக்கும். வண்டியில் ஏற்றும்போது பெட்ரோல் சிந்தாமலிருக்க அதை இறுக்கியிருப்பார்கள், கடலில் தளர்த்த மறந்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியதும் டேங்குக்குள் காற்று போதாமல் பெட்ரோல் வருவது நிற்கும். குழாயில் உள்ள ரப்பர் பம்ப் சப்பையாக ஒட்டிக்கொண்டிருந்தால் காரணம் இதுதான். திருகைத் தளர்த்தி, பம்பைக் கையால் நான்கைந்து முறை அமுக்கினால் கெட்டியாகிவிடும், இன்ஜினும் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, இன்ஜினின் பின்புறத்தில் நூல் மாதிரி பீய்ச்சும் தண்ணீர். இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் அது. ஓட்டுகிறவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கழிமுகத்தில் மணலையும் பாசியையும் இழுத்துவிட்டால் அது மெலிந்து, சொட்டாகி, நின்றுவிடும். உடனே இன்ஜினை நிறுத்தித் தூக்கி, அடிக்காலின் நீர்ச் சல்லடையைத் துடைக்க வேண்டும். நீர் ஏற்றும் ரப்பர் இறக்கையை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், சேற்று நீரில் அதிகம் ஓட்டினால் அதற்கும் முன்பே. உதிரிப் பையில் இரண்டு பிளக், பிளக் ஸ்பானர், ரப்பர் இறக்கை, புரொப்பல்லர் நட்டும் பின்னும், ஸ்டார்ட்டர் கயிறு, நல்ல கத்தி இருக்கட்டும். ஓட்டுகிறவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு எப்போதும் ஓட்டுகிறவர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும்.

கழிமுகத்துக்குள் நுழையும்போது

இங்கே ஆற்றுப் பயணம் என்றால் நாள் முழுக்க அகன்ற ஆற்றில் போவது என்று நினைக்க வேண்டாம். வைகை நீர் பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். மிஞ்சியதுதான் ஆற்றங்கரையில் கடலைத் தொடுகிறது. குண்டாறு மூக்கையூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். திறந்திருந்தாலும் உள்ளே போக முடிவது கொஞ்ச தூரம்தான், அதுவும் உப்பு நீர். மழைக்காலத்தில் மேலே தண்ணீர் திறந்தால் நிலைமை தலைகீழ். மரமும் முள்ளும் அடித்துக்கொண்டு வரும் நீரில் சிறு படகுக்கு வேலையில்லை.

இந்தக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் அட்டவணை பார்க்கத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இன்ஜின் கால் இறங்கிய படகுக்கு இரண்டு, இரண்டரை அடி நீர் வேண்டும். மணல் திட்டின் மேல் இருப்பதும் அவ்வளவுதான். ஓரடி வற்றினாலே தட்டிவிடும். ஏற்றம் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து நுழையுங்கள். தட்டினாலும் ஏறும் நீரே தூக்கிவிடும். வற்றும் நீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

நுழைவதற்கு முன் படகை வெளியே நிறுத்திப் பத்து நிமிடம் கவனியுங்கள். அலை உடைந்து வெண்மையாகும் இடத்தில் ஆழமில்லை. இரண்டு வெண்பட்டைகளுக்கு நடுவே நிறம் கருத்து, உடையாமல் மடிந்து போகும் கோடுதான் வாய்க்கால். அது மாதத்துக்கு மாதம் நகரும், எனவே போன வருடத்து ஜி.பி.எஸ். புள்ளியை நம்பக் கூடாது. ஆற்று நீர் வெளியே வடிய, காற்று உள்ளே அடித்தால் அந்த நேரத்தில் நுழையவே கூடாது. நுழையும்போது ஆட்கள் அணியத்தில் குவியாமல் நடுவிலும் பின்னாலும் உட்கார வேண்டும். அலையின் முதுகிலேயே படகை வைத்துக்கொண்டு அதே வேகத்தில் போங்கள். திட்டின் மேல் ஒருபோதும் திரும்பாதீர்கள், பக்கவாட்டில் வாங்கும் ஓர் அலை போதும் கவிழ்வதற்கு. உள்ளே போனதும் இன்ஜினைப் பாதி தூக்கி, பத்தடி மூங்கில் கழியால் ஆழம் பார்த்து நகருங்கள். இறங்கித் தள்ள நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசியபடி நடங்கள், திருக்கை விலகிப் போகும். கொட்டிவிட்டால் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருந்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

காரங்காட்டு அலையாத்திக் காட்டில் வனத்துறையே படகும் கயாக்கும் விடுகிறது. சொந்தப் படகை வெளியே கட்டிவிட்டு அதில் போவதே முறை.

தொழில் செய்கிறவர்களின் கடல் இது. பாம்பனிலிருந்து தொண்டி வரை கரையோரத்தில் கடற்பாசி வளர்க்கும் 12-க்கு 12 அடி மூங்கில் மிதவைகள் வரிசை வரிசையாகக் கிடக்கும். அவற்றுக்கும் கரைக்கும் நடுவே புகாமல் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போங்கள். தெர்மாகோல் துண்டோ, பிளாஸ்டிக் பாட்டிலோ, கொடிக்கம்போ மிதந்தால் கீழே நண்டு வலை இருக்கிறது. புரொப்பல்லரில் வலை சுற்றினால் இன்ஜினை நிறுத்தித் தூக்கி, சுற்றிய திசைக்கு எதிராகக் கையால் பிரியுங்கள். அறுத்தே தீர வேண்டியிருந்தால் வலைக்காரரைத் தேடிப் போய்ச் சொல்லி, அதற்கான காசைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் அன்றாடப் பிழைப்பு அது. விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனியில் கிளம்பும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போதும் நாட்டுப்படகுகள் வலை விடும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. தீவு மட்டுமல்ல, சுற்றியுள்ள நீரும் பூங்காதான்: கரைப் பக்கம் மூன்றரை பாகம், கடல் பக்கம் 5 பாகம் ஆழம் வரை. அனுமதியின்றி இறங்குவதும் நங்கூரம் போடுவதும் குற்றம். பவளத் துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை எதையும் கையில் எடுக்காதீர்கள், இவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. நங்கூரம் எங்கே போட்டாலும் வெளிறிய மணல் பார்த்துப் போடுங்கள். கடற்புல்லில் அது வழுக்கும், புல்லும் பெயரும். கயிறு ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு, நுனியில் இரண்டு மீட்டர் சங்கிலி.

குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், கூடவே ஓ.ஆர்.எஸ். பொட்டலம். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் திணித்து வைப்பதில் பயனில்லை.

கிளம்பும் முந்தைய மாலை கடல் தகவல் மையமான இன்காய்ஸின் அலை முன்னறிவிப்பையும் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் பாருங்கள். கள்ளக்கடல் (தொலைவில் எழுந்து திடீரென வந்து சேரும் பெரிய அலை) எச்சரிக்கை இருந்தால் காற்றே இல்லாவிட்டாலும் தென்கடலில் இறங்கக் கூடாது. பாம்பனில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் பலத்த காற்று துறைமுகத்துக்கே வரக்கூடும் என்று பொருள். 1-ஆம் எண் ஏறும்போதே சிறு படகுப் பயணத்தைத் தள்ளிவைப்பது நல்லது. வடகடல் ஆழமற்றது என்பதால் புயலில் அங்கே நீர்மட்டம் வேகமாக ஏறும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது இதே கரையில்தான்.

கடத்தல் கண்காணிப்பு கடுமையாக உள்ள கடல் என்பதால், பழக்கமில்லாத படகு எந்த ஊரில் ஒதுங்கினாலும் விசாரிப்பார்கள். முன்கூட்டியே கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்தில் படகின் பதிவு எண், ஆட்களின் பெயர், தங்கும் ஊர்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆதார் அட்டையை நீர் புகாத உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடிப் படகைப் பேசி வாடகைக்கு எடுப்பதும் வேண்டாம். ஆளேற்றும் உரிமம் அதற்கு இல்லை, விபத்தானால் காப்பீடும் கைகொடுக்காது.

அதே தாளின் நகலைக் கரையில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். படகின் நிறம், இன்ஜின், எத்தனை பேர், எந்தக் கரையை ஒட்டிப் போகிறது, எத்தனை மணிக்குள் போன் வரும் என்பது அதில் இருக்க வேண்டும். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியும் தகவல் இல்லையென்றால் அவர் யோசித்துக்கொண்டிருக்காமல் கடலோரக் காவல்படையின் 1554-ஐயும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐயும் அழைக்க வேண்டும். படகில் வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் திறந்தே இருக்கட்டும். கரை தொட்டதும் சாமானை இறக்குவதற்கு முன் அவருக்குப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் கரையில் நிற்கும் உங்களைத் தேடிக் கடலுக்குள் படகு போகும்.