பாறை விடாத எண்ணெயை வாயு விடுவிக்கும் விதம்

2025இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் எண்ணெயும் எரிவாயுவும் தேட 20 சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி என்ற செய்தி வந்தபோது அச்சமும் எதிர்ப்பும் எழுந்தன. நிலத்துக்குள் எதைச் செலுத்துவார்கள், எதற்காக என்று கேட்க இந்தக் கரையில் வாழும் எல்லோருக்கும் உரிமை உண்டு. வேறு நாடுகளின் எண்ணெய் வயல்களில் எண்ணெயை வெளிக்கொணரப் பல்லாண்டுகளாக நடக்கும் கரியமில வாயுச் செலுத்தலைத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்வி கூர்மையாகும்.

கச்சா எண்ணெய் பூமிக்கடியில் ஏரியாகத் தேங்கிக் கிடப்பதில்லை. மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை போன்றவற்றின் நுண்துளைகளுக்குள் அடைந்திருக்கிறது. முதலில் தன் அழுத்தத்தாலேயே மேலேறும். அது தளர்ந்ததும் தண்ணீரைச் செலுத்தித் தள்ளுவார்கள். அப்படியும் பெரும்பாலான வயல்களில் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். தண்ணீரும் எண்ணெயும் கலவாதவை. இரண்டுக்கும் இடையிலுள்ள பரப்பு இழுவிசை எண்ணெயைத் துளித்துளியாகத் துண்டித்துத் துளைகளின் குறுகிய வாயில்களில் சிறைவைத்துவிடுகிறது.

கரியமில வாயு இங்கேதான் கைகொடுக்கிறது. 31 டிகிரி செல்சியஸுக்கும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 73 மடங்குக்கும் மேலே அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் ஒரு தனி நிலையை அடைகிறது. ஆழத்துப் பாறைகளில் இந்த வெப்பமும் அழுத்தமும் இயல்பாகவே உண்டு. அந்த நிலையில் அது எண்ணெய்க்குள் கரைந்து எண்ணெயைப் பருமனாக்குகிறது. கெட்டிக் கருப்பட்டிப் பாகில் வெந்நீர் விட்டதுபோல் இளக்குகிறது. எண்ணெயின் இலேசான பகுதிகளும் வாயுவுக்குள் புகுகின்றன. அழுத்தம் போதுமான அளவு இருந்தால், இந்தக் கொடுக்கல்வாங்கலின் முடிவில் இரண்டுக்கும் இடையிலான எல்லையே மறைந்துவிடும். எல்லை இல்லையென்றால் இழுவிசையும் இல்லை. எண்ணெயைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. தள்ளுவதால் முடியாததைக் கலப்பதால் சாதிக்கும் இந்த இடம்தான் எனக்கு முழுமையான வியப்பைத் தருகிறது.

ஆனால் வாயு இலேசானது. மேலே எழும், எளிய வழியில் முந்தி ஓடிவிடும். அதைக் கட்டுப்படுத்த வாயுவையும் தண்ணீரையும் மாற்றி மாற்றிச் செலுத்துகிறார்கள். பாறை பிளக்கும் அளவுக்கு அழுத்தம் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். பாறையை வேண்டுமென்றே பிளப்பது வேறு முறை.

அமெரிக்காவின் டெக்சாஸில் 1972 முதல் இது பெரிய அளவில் நடக்கிறது. கனடாவின் வேபர்ன் வயலுக்கு 2000 முதல், அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் நிலக்கரியிலிருந்து வாயு தயாரிக்கும் ஆலையின் கரியமில வாயு 300 கிலோமீட்டருக்கும் அதிகமான குழாய் வழியே செல்கிறது.

ராமநாதபுரம் பகுதிக் கிணறுகளில் முக்கியமாகக் கிடைப்பது எண்ணெய் அல்ல, எரிவாயு. வழுதூர் மின்நிலையம் அதில்தான் இயங்குகிறது. கரைத்து எடுக்க எண்ணெய் இல்லாத வயலுக்கு இந்த முறை பொருந்தாது. எந்தக் கிணறானாலும் கேட்க வேண்டியவை இரண்டு: கிணற்றுக் குழாயைச் சுற்றியுள்ள சிமென்ட் உறையை எப்படிச் சோதிக்கிறார்கள்? வாயுவோடு மேலே வரும் உப்புநீர், 21 தீவுகளும் பவளப்பாறைகளும் உள்ள மன்னார் வளைகுடாவுக்குப் போகாமல் எங்கே போகிறது?