வெளிறிய முகம் உயர்குடியின் அடையாளமா?

பழைய எண்ணெய் ஓவியங்களைப் பராமரிக்கும் பணியில் இருக்கும் என்னிடம், 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் உருவப்படங்களைக் காட்டுபவர்கள் முகபாவனையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கேன்வாஸின் அளவை. 1782இல் அக்காலத்தின் முன்னணி உருவப்பட ஓவியரான ஜோஷுவா ரெனால்ட்ஸ் தலையளவுப் படத்துக்கு 50 கினியும் (கினி அன்றைய பிரிட்டிஷ் பொற்காசு), அரையளவுக்கு 100 கினியும், முழு உருவத்துக்கு 200 கினியும் வாங்கினார். ஆகவே கூடத்தில் ஆளுயரப் படம் தொங்கினால், முகத்தை உற்றுப் பார்க்கும் முன்பே வீட்டுக்காரரின் செல்வாக்கு விருந்தாளிக்குப் புரிந்துவிடும். கைப்பேசியில் எல்லாப் படங்களும் ஒரே அளவில் தெரிவதால், இந்தச் செய்தி நமக்கு வந்து சேர்வதே இல்லை.

அந்த ஆடம்பர வடிவத்தைப் பிரபு அல்லாத ஒருவருக்குத் துணிந்து கொடுத்தவர் ஓவியர் வில்லியம் ஹோகார்த். 1740இல் அவர் வரைந்த கேப்டன் தாமஸ் கோரம் படத்தில் தூண், திரைச்சீலை, படிக்கட்டு என்று பிரபுக்களுக்கு உரிய அத்தனை ஏற்பாடும் இருக்கிறது. நடுவில் அமர்ந்திருப்பவரோ, கப்பல் தொழிலில் வளர்ந்து, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு லண்டனில் ஓர் இல்லம் அமைக்க ஆண்டுக்கணக்கில் அலைந்த முதியவர். பொய்முடி இல்லை, சொந்த நரைமுடிதான். கன்னங்கள் சிவந்திருக்கின்றன, குட்டைக் கால்கள் தரையை ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கின்றன, கையில் அந்த இல்லத்துக்கு 1739இல் கிடைத்த அரச சாசனத்தின் முத்திரை இருக்கிறது. அந்தஸ்தைத் தூணும் திரையும் சொல்ல, குணத்தைக் கால்கள் சொல்கின்றன என்பேன்.

உடையைக் கொண்டு ஒருவரின் ரசனையை எடைபோடுவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். ஆலன் ராம்சே, தாமஸ் ஹட்சன் போன்ற ஓவியர்கள் தலையை மட்டும் வரைந்துவிட்டு, ஆடையை அதற்கென்றே இருந்த ஓவியர் ஜோசப் வான் ஏகனிடம் ஒப்படைத்தார்கள். அதனால்தான் இரு வேறு ஓவியர்களின் படங்களில், தொடர்பில்லாத பெண்கள் ஒரே மாதிரியான சாட்டின் கவுனில் நிற்பதைக் காண்கிறோம்.

பெரிதும் ஏமாற்றுவது நிறம். ரெனால்ட்ஸ் வரைந்த முகங்கள் பலவற்றின் வெளுப்பை உயர்குடியின் நளினம் என்றும் ஒதுங்கிய சுபாவம் என்றும் பலர் வாசிக்கிறார்கள். தோல் நிறத்துக்கு அவர் விரும்பிச் சேர்த்த கார்மைன், கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு. வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். அவர் உயிரோடு இருந்தபோதே படங்கள் வெளிறுவதாகப் புகார் எழுந்தது. எளிதில் மங்காத வெர்மிலியன் என்ற சிவப்புக்கு மாறும்படி மாணவர் ஜேம்ஸ் நார்த்கோட் சொல்லிப் பார்த்தார். குருவோ தம் கையைப் பார்த்துவிட்டு, சதையில் அந்த நிறம் தென்படவில்லை என்று மறுத்துவிட்டார். வண்ணத்தோடு பிசினும் வார்னிஷும் கலக்கும் பழக்கமும் அவருக்கு இருந்ததால், பிற்காலத்தில் பழைய வார்னிஷைக் கரைத்தெடுத்தவர்கள் கன்னத்தின் மெல்லிய மேற்பூச்சையும் சேர்த்தே எடுத்திருக்கக்கூடும். மங்கும் சிவப்பு ஆடையிலும் இருந்தால், சட்டகத்தைக் கழற்றிப் பார்க்கலாம்: மரம் மறைத்திருந்த விரலகல விளிம்பில் அது இன்னும் அடர்த்தியாக இருக்கும், முகம் எவ்வளவு இழந்திருக்கும் என்பதை அதை வைத்துத்தான் கணிக்கிறோம்.