ஒரு பாஸ்பேட்டும் அதன் இரண்டாவது புரோட்டானும்

நான்கைந்து அணுக்களே கொண்ட ஒரு பாஸ்பேட் தொகுதி, ஆயிரக்கணக்கான அணுக்களால் ஆன ஒரு புரதத்தின் வேலையை எப்படித் தொடங்கவும் நிறுத்தவும் முடிகிறது என்று உயிர்வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார். பாடநூல்கள் "பாஸ்பாரிலேற்றத்தால் (அதாவது, பாஸ்பேட் பொருத்தப்படுவதால்) நொதி செயலூக்கம் பெறுகிறது" என்று ஒரு வரியில் கடந்துவிடும் இடம் அது. விடை ஓர் அமிலப் பிரிகை மாறிலியில், அதாவது பிகேஏ மதிப்பில், இருக்கிறது. ஓர் அமிலத்தின் மூலக்கூறுகளில் சரிபாதி தம் புரோட்டானை விட்டுவிட்டிருக்கும் பிஎச் அளவே அதன் பிகேஏ.

எடுத்துக்காட்டாக, 1968-இல் எட்வின் கிரெப்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இனங்கண்ட புரதக் கைனேஸ் ஏ என்னும் நொதியைக் கொள்வோம். புரதங்களின் மீது பாஸ்பேட்டைப் பொருத்தும் நொதிகளே புரதக் கைனேஸ்கள். அட்ரினலின் தசைச் செல்லின் ஏற்பியில் வந்து அமர்கிறது. செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்னும் தூது மூலக்கூறு உருவாகிறது. அதன் நான்கு மூலக்கூறுகள் நொதியின் இரண்டு ஒழுங்குமுறை அலகுகளைப் பற்றியதும், அவை இறுக்கி வைத்திருந்த இரண்டு வினையூக்க அலகுகளின் மீதான பிடி தளர்கிறது. பிடி தளர்ந்த அலகு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் கடைசி பாஸ்பேட்டை எடுத்து, இலக்குப் புரதத்தின் செரைன் அல்லது திரியோனைன் என்னும் அமினோ அமிலத்தின் மீது பொருத்துகிறது. கிளைகோஜன் உடைபட்டுத் தசைக்கு எரிபொருள் கிடைப்பதில் முடியும் இந்தத் தொடரைப் பள்ளிப் பாடத்திலேயே பலரும் பார்த்திருப்பார்கள்.

செரைனின் பக்கத்தொகுதி ஒரு ஹைட்ராக்சில். அதன் பிகேஏ மதிப்பு 13-க்கு அருகில் இருப்பதால், பிஎச் சுமார் 7.2 ஆக உள்ள செல்லுக்குள் அது புரோட்டானை விடுவதே இல்லை, மின்சுமையற்று இருக்கிறது. பாஸ்பேட் பொருந்தியதும் அதே இடத்தில் இரண்டு புரோட்டான்களை இழக்கக்கூடிய ஓர் அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. முதல் புரோட்டானின் பிகேஏ மிகக் குறைவு என்பதால் அது எப்போதோ போய்விட்டிருக்கும். இரண்டாவதன் பிகேஏ 6-ஐ ஒட்டி இருக்கிறது. என்னை வியப்பில் ஆழ்த்துவது இந்த எண்தான்.

அதை 5.8 என்று வைத்துக் கணக்கிடுவோம். பிஎச் மதிப்புக்கும் பிகேஏ மதிப்புக்கும் உள்ள வேறுபாடு 1.4, பத்தின் அடுக்காக அதை எடுத்தால் ஏறத்தாழ 25. அதாவது, இரண்டாவது புரோட்டானை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பாஸ்பேட்டுக்கும் அதை விட்டுவிட்டவை 25 இருக்கும். நூற்றுக்கு 96 பாஸ்பேட்டுகள் முழுமையாக இரண்டு எதிர்மின்சுமைகளைத் தாங்கி நிற்கின்றன. கடும் உழைப்பில் தசைச் செல்லின் பிஎச் 6.5 வரை இறங்கினாலும் 83 விழுக்காடு அதே நிலையில் இருக்கும். புரதத்தோடு சேராத சாதாரண பாஸ்பாரிக் அமிலத்தின் இரண்டாவது பிகேஏ 7.2 ஆகும். புரதத்தின் மேலிருக்கும் பாஸ்பேட்டுக்கும் அந்த மதிப்பே இருந்திருந்தால், ஓய்விலிருக்கும் செல்லில் பாதி மட்டுமே இரட்டைச் சுமை பெற்றிருக்கும்; பிஎச் 6.5-இல் அது 17 விழுக்காடாகச் சரிந்திருக்கும். ஒருவர் வேகமாக ஓடிய ஒரே காரணத்தால் செல்லின் செய்திகளெல்லாம் பாதியில் மங்கிப்போயிருக்கும். ஒரு புரோட்டானுக்குப் பதிலாக ஒரு கார்பன் இணைந்ததில் கிடைத்த இந்த இறக்கம், எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

கார நீர் குடித்தால் உடல் முழுவதும் காரத்தன்மை அடைந்து நோய்கள் விலகும் என்று பரப்பப்படுவதை ஏற்க முடியாததற்கும் காரணம் இதே கணக்கில் இருக்கிறது. நுரையீரலும் சிறுநீரகமும் இரத்தத்தின் பிஎச் மதிப்பை 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் காத்துவருகின்றன. புரதங்களின் மின்சுமைகள் அந்தக் காவலை நம்பியே அமைந்தவை. ஒரு குவளை நீர் அதைக் குலைத்துவிடக்கூடுமானால் அது மருந்தாக அல்ல, ஆபத்தாகவே இருக்கும்.

மின்சுமை வந்தபின் புரதத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரதக் கைனேஸ் ஏ தன் உடலிலேயே காட்டுகிறது. சூசன் டெய்லரின் ஆய்வுக்குழு 1991-இல் இதன் வினையூக்க அலகின் படிக அமைப்பை வெளியிட்டது. புரதக் கைனேஸ் குடும்பத்தில் முதலில் கிடைத்த முப்பரிமாணப் படம் அதுவே. 197-ஆவது இடத்திலுள்ள திரியோனைன் தானும் ஒரு பாஸ்பேட்டைச் சுமந்திருப்பதையும், 165-ஆவது ஆர்ஜினைன், 189-ஆவது லைசின், 87-ஆவது ஹிஸ்டிடின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களும் வெவ்வேறு திசைகளிலிருந்து அதை நோக்கி நீண்டு பற்றியிருப்பதையும் இந்த அமைப்பில் காணலாம். ஆர்ஜினைனின் பிகேஏ 13-ஐயும் தாண்டுவதால் செல்லுக்குள் அது நேர்மின்சுமையை இழக்க வழியே இல்லை. புரதச் சங்கிலியில் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள இந்த மூன்றையும் ஒரே பாஸ்பேட் இழுத்துக் கட்டும்போது, நொதியின் வினைபுரியும் பகுதி சரியான வடிவில் நிலைபெறுகிறது. மாணவியின் கேள்விக்கு நேரடியான விடை இதுதான்.

இந்தப் பிகேஏ மதிப்புகளை அளக்க அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறை உதவுகிறது. கரைசலின் பிஎச் மதிப்பைச் சிறிது சிறிதாக உயர்த்தும்போது பாஸ்பரஸ் அணுவின் சமிக்ஞை படிப்படியாக இடம் மாறிக்கொண்டே போகும். அந்த நகர்வின் நடுப்புள்ளியே பிகேஏ. பொறுமை கோரும் இத்தகைய அளவீட்டுக்கு நிதி கேட்டால், இதனால் எந்த நோய் குணமாகும் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் 1950-களில் சியாட்டிலில் ஆராய்ந்தது தசையில் கிளைகோஜன் உடைபடும் விதத்தை மட்டுமே. அதற்கான நோபல் பரிசு 1992-இல் வந்தது. கைனேஸைத் தடுக்கும் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உடனடிப் பயனை மட்டும் எடைபோடும் நிதிக் குழு எதுவும் அந்த முதல் ஆய்வை ஆதரித்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

இந்த பிகேஏ மதிப்பைப் புறக்கணித்தால் ஆய்வகத்தில் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. பாஸ்பேட் ஏறிய நிலையைப் போலச் செய்ய, செரைனை நீக்கிவிட்டுக் குளுடாமிக் அமிலத்தை வைப்பது வழக்கம். அதன் பிகேஏ 4-ஐ ஒட்டியிருப்பதால் எதிர்மின்சுமை உறுதியாகக் கிடைக்கும், ஆனால் ஒன்றுதான் கிடைக்கும். இரண்டு சுமைகளை எதிர்பார்த்து அமைந்த புரதங்கள் பலவேளைகளில் இந்தப் பதிலியை ஏற்பதில்லை. பாஸ்பேட்டை வெட்டியெடுக்கும் நொதிகளால் வெட்ட முடியாதபடி, இணைப்பு ஆக்சிஜனை அகற்றி ஒரு கார்பனை வைக்கும் இன்னொரு வழியில், இரண்டாவது பிகேஏ 7-ஐ ஒட்டி ஏறிவிடுகிறது. அதனால் செல்லுக்குள் அதன் சுமை குறைந்துபோகிறது. அந்தக் கார்பனின் மேலுள்ள இரண்டு ஹைட்ரஜன்களுக்குப் பதிலாக, எலக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கும் ஃபுளோரின் அணுக்கள் இரண்டை வேதியியலாளர்கள் பொருத்தியபோது, பிகேஏ மீண்டும் 6-க்குக் கீழே இறங்கியது.