பெற்றோர் கையிலிருந்து சாவிக்கொத்தை வாங்கும் முன்

முதியவர்களை ஆலோசனைக்கு அழைத்து வரும் குடும்பங்களிடம் ஒரு வழக்கத்தைத் தொடர்ந்து பார்க்கிறேன். "ராத்திரி தூக்கம் வருகிறதா அம்மா?" என்று அம்மாவிடம் கேட்பேன். மகன் பதில் சொல்வார். "பசி எடுக்கிறதா?" என்றால் மருமகள் சொல்வார். அம்மா மேசையில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளிடம் பாசத்துக்குக் குறைவில்லை. விடுப்புப் போட்டு, பழைய மருந்துச் சீட்டுகளையெல்லாம் அடுக்கி எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். ஆனால் இதுவேதான் வீட்டிலும் நடக்கிறது என்றால், நோயின் ஒரு வேர் அங்கே இருக்கிறது.

தன் விஷயத்தில் தன் சொல் செல்லும் என்ற உணர்வு போய்விட்டால் மனிதர் உள்ளுக்குள் ஒடிந்துபோகிறார். வேலையிலும் பள்ளியிலும் இதைப் பார்க்கலாம் என்றாலும், நான் அதிகம் கவலைப்படுவது வீட்டுப் பெரியவர்களைப் பற்றி. அவர்களிடமிருந்து அது அன்பின் பெயரால் பறிபோகிறது. அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒரு தாயாரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். திருவாரூர்ப் பக்கம் நிலம், கூலியாள், சீட்டுக் கணக்கு என எல்லாவற்றையும் நிர்வகித்தவர். கணவர் இறந்ததும் மகன் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டார். மூன்றாம் மாடி வீடு. காலையில் மாத்திரை கைக்கு வரும், மதியம் தட்டு மேசைக்கு வரும். குடும்ப ஓய்வூதியத்தின் ஏ.டி.எம். அட்டை மகனிடம். சமையலறைப் பக்கம் போனால், "நீங்கள் உட்காருங்கள் அத்தை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார் மருமகள். ஓராண்டுக்குள் எடை குறைந்தது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு. உடம்பெல்லாம் வலி, பரிசோதனைகளில் காரணம் எதுவும் தென்படவில்லை. "உங்களுக்கு என்ன செய்தால் நன்றாக இருக்கும்?" என்று கேட்டேன். "என்னைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? தம்பியிடம் கேளுங்கள்" என்றார்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் நடத்திய ஆய்வு 1976-இல் வெளியானது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், அறையை எப்படி வைத்துக்கொள்வது, நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு என்று சொன்னார்கள். பிடித்த செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கச் சொன்னார்கள். வாரப் படக்காட்சிக்கு எந்த நாளில் போவது என்பதும் அவர்கள் விருப்பம். இன்னொரு மாடியிலும் அதே செடி, அதே படம். ஆனால் தண்ணீர் ஊற்றுவதைச் செவிலியர் பார்த்துக்கொண்டார்கள், படத்துக்கான நாளை நிர்வாகம் சொன்னது. மூன்று வாரங்களில் முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பிலும் மகிழ்ச்சியிலும் முந்தியிருந்தார்கள். பதினெட்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது இறந்தவர்களின் விகிதமும் அவர்களில் குறைவு. பங்கேற்றவர்கள் நூறு பேர்கூட இல்லை என்பதால் அந்த இறப்புக் கணக்கை மட்டும் வைத்துப் பெரிதாகப் பேச எனக்கு விருப்பமில்லை. இரண்டு மாடிகளுக்கும் வசதி ஒன்றுதான், முடிவெடுத்தது யார் என்பதில்தான் வேறுபாடு என்பதே எனக்கு முக்கியம்.

மூளைக்குள் நடப்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. என்ன செய்தாலும் துன்பம் நிற்காது என்ற நிலையில் வைக்கப்பட்ட விலங்குகள், பிறகு தப்பிக்க வழி இருந்தும் முயலாமல் படுத்துவிடுகின்றன என்று உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967-இல் காட்டினார்கள். கையறுநிலையை அவை கற்றுக்கொண்டன என்பது அன்றைய விளக்கம். 2016-இல் அவர்களே அதைத் திருப்பிப் போட்டார்கள். நீடித்த துன்பத்தில் ஒடுங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை. 'நான் செய்தால் மாறுகிறது' என்பதைத்தான் மூளை கற்க வேண்டியிருக்கிறது. அதைக் கண்டுணரும் முன்மூளைப் பகுதி, ஒடுங்கச் செய்யும் பகுதியை அடக்குகிறது. அப்படியானால் இந்தப் பாடம் மங்கியவருக்கு உபதேசத்தால் பெரிய பலன் இராது. தான் சொன்னது நடக்கிறது என்பதை அவர் திரும்பத் திரும்பக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்தத் தாயாருக்கு மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார், அதுவும் தேவைப்பட்டது. அதோடு வீட்டில் சில மாற்றங்களைச் செய்யச் சொன்னேன். முதலில் எதுவும் பலிக்கவில்லை. "இன்று என்ன குழம்பு வைக்கலாம்?" என்று கேட்டால், "எதுவானாலும் சரி" என்பார். நெடுநாள் யாரும் கேட்காமல் விட்டவரின் முதல் பதில் இப்படித்தான் இருக்கும். "பார்த்தீர்களா, அவருக்கே விருப்பம் இல்லை" என்று பல குடும்பங்கள் இந்த இடத்தில் விட்டுவிடுகின்றன. விடாதீர்கள். கேள்வியைச் சுருக்குங்கள்: "கீரையா, புடலங்காயா?" அவர் எதைச் சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள். பிறகு பால் கணக்கு, காய்கறி வாங்கும் பொறுப்பு, மாதத் தொடக்கத்தில் வங்கிக்குத் தானே போய் ஓய்வூதியத்தை எடுப்பது என ஒவ்வொன்றாக அவரிடம் வந்தன. சில மாதங்களில் மகன் குறைப்பட்டுக்கொண்டே வந்தார்: "முருங்கைக்காய் விலைக்கெல்லாம் என்னோடு சண்டை போடுகிறார்." எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. சண்டை போடுகிறவர் தன் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று மறுபடி நம்பத் தொடங்கிவிட்டார்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. உளவியலாளர் ரிச்சர்ட் ஷுல்ஸ் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்தவர்களைக் கல்லூரி மாணவர்கள் சென்று பார்த்தார்கள். மாணவர்கள் எப்போது வருவது, எவ்வளவு நேரம் இருப்பது என்று தாங்களே முடிவு செய்த முதியவர்களும், அவர்கள் வரும் நேரத்தை முன்கூட்டியே அறிந்த முதியவர்களும் நன்றாகத் தேறினார்கள். ஆய்வு முடிந்தது, மாணவர்கள் வருவது நின்றது. பின்னாளில் பார்த்தபோது, தேறிய அவர்களே மற்றவர்களைவிட அதிகமாகச் சரிந்திருந்தார்கள். ஒரு வாரம் கேட்டுவிட்டு நிறுத்திவிடுவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். முன்கூட்டிச் சொல்வதும் பலன் தந்தது என்பதையும் கவனியுங்கள். ரத்தப் பரிசோதனை, வீடு மாறுவது, பேத்திக்கு வரன் பார்ப்பது எதையும் பெரியவரிடம் கடைசியில் போய்ச் சொல்லாதீர்கள்.

"மறதி நோய் இருக்கிறது, எப்படி விடுவது?" என்பார்கள். நியாயமான கேள்வி. கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்; என்ன சமைப்பது என்பதை அவரிடமே விடுங்கள். மருந்தின் அளவு உங்கள் கண்காணிப்பில் இருக்கட்டும். எந்தப் புடவை, எப்போது குளியல், கோவிலுக்கு இன்றா நாளையா என்பதெல்லாம் அவருடையது.

மன அழுத்த நோயில் விழுந்தவரிடம் "எல்லாம் உன் மனசில்தான் இருக்கிறது, நினைத்தால் எழுந்துவிடலாம்" என்று சொல்வதை நான் ஆதரிக்கவில்லை, தயவுசெய்து சொல்லாதீர்கள். எழ முடியாததுதான் நோய். அவருக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்கும்.

பசியும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், எதிலும் நாட்டம் இல்லை என்றால், 'வயது அப்படித்தான்' என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே பாருங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. இரண்டையும் பெரியவரின் கைப்பேசியிலும் பதிந்து கொடுங்கள். அழைப்பதா வேண்டாமா என்பதை அவரும் முடிவு செய்யட்டும்.