அப்ளிகேஷன் மேனேஜ்மென்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரு நிறுவனத்தின் கணக்கு, சம்பளம், சரக்கிருப்பு, விற்பனை போன்ற வேலைகளுக்கான மென்பொருள்களை, அவை தேவை என்று முடிவெடுக்கும் நாள்முதல் கைவிடப்படும் நாள்வரை திட்டமிட்டுப் பேணிவரும் பணி முழுவதும் ‘அப்ளிகேஷன் மேனேஜ்மென்ட்’ எனப்படுகிறது. அந்த நீண்ட காலத்தை அழுத்திச் சொல்ல விரும்புவோர் இடையில் ‘லைஃப்சைக்கிள்’ என்பதையும் சேர்த்துக்கொள்கின்றனர்.

‘அப்ளிகேஷன்’ என்பதன் மூலம் ‘அப்ளிக்காரே’ என்னும் இலத்தீன் வினை. அதற்குள் இருக்கும் ‘பிளிக்காரே’ மடித்தலைக் குறிக்கும். ஒன்றை மற்றொன்றோடு ஒட்டவைத்தல், பொருத்துதல் என்று அது விரிந்து, கோரிக்கையை ஒருவரிடம் சேர்ப்பிக்கும் விண்ணப்பத்தையும், ஒரு கருவியை வேலையில் பொருத்தும் பயன்பாட்டையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக்கிவிட்டது. ‘விண்ணப்ப மேலாண்மை’ என்னும் பிழையான மொழிபெயர்ப்பு பிறப்பது இந்தக் குழப்பத்தில்தான். ‘மேனேஜ்’ என்பதோ குதிரையைப் பழக்கி நடத்துவதற்கான இத்தாலியச் சொல்லின் வழியே வந்தது. அதன் வேர் ‘கை’யைக் குறிக்கும் இலத்தீனச் சொல். நம் ‘மேலாண்மை’யின் வேர் ‘ஆள்’. இரண்டு வேர்களும் ‘கையாளுதல்’ என்னும் சொல்லில் அழகாகச் சேர்ந்திருக்கின்றன என்றாலும், அதன் வழக்கு இப்போது குறுகிவிட்டதால் மேலாண்மையே இங்கு ஏற்றது.

‘செயலி மேலாண்மை’ என்று சொன்னால் என்ன என்று கேட்கலாம். செயலி சுருக்கமான சொல்தான். ஆனால் கைப்பேசியில் நிறுவும் சிறு நிரலையே இன்று அது முதலில் நினைவூட்டுகிறது, அதோடு கணினியின் மையச் செயலியையும் அதே சொல்லால் அழைக்கிறோம். ஆகவே ‘பயன்பாட்டு மென்பொருள்’ என்று விரித்துச் சொல்வதே ஐயத்துக்கு இடந்தராது.

‘லைஃப்சைக்கிள்’ உயிரியலிலிருந்து வந்த உருவகம். முட்டை புழுவாகி, புழு பட்டாம்பூச்சியாகி, அது மீண்டும் முட்டையிடுவதால் அங்கே ‘வாழ்க்கைச் சுழற்சி’ பொருந்துகிறது. மென்பொருளில் சுழல்வது அதன் முழு வாழ்வு அன்று. மாற்றம் கோருதல், நிரல் எழுதுதல், சோதித்தல், வெளியிடுதல் என்னும் உள்வட்டமே மீண்டும் மீண்டும் சுழல்கிறது, மொத்த வாழ்வுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. எனவே ‘வாழ்நாள்’ என்பதே என் தேர்வு.

இப்பணியைப் ‘பராமரிப்பு’ என்று மட்டும் சொன்னால் பொருள் சுருங்கிவிடும். இயந்திரம் தேய்வதால் பழுதாகிறது. மென்பொருள் தேய்வதில்லை, ஆனால் வரிவிதியோ இயங்குதளமோ நிறுவனத்தின் நடைமுறையோ மாறும்போது அப்படியே இருப்பதாலேயே பழசாகிவிடுகிறது. தகவல் அமைப்புத் துறை ஆய்வாளர் பர்ட்டன் ஸ்வான்சன் 1976இல் மென்பொருள் பராமரிப்பைப் பிழைதிருத்தல், சூழலுக்கேற்பத் தகவமைத்தல், மேம்படுத்தல் என மூன்றாகப் பகுத்தபோதே, பழுது நீக்குவது அதில் ஒரு பகுதிதான் என்பது தெளிவாகியிருந்தது. 1995இல் வெளியான, மென்பொருள் வாழ்நாள் செயல்முறைகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஇசி 12207 ஒருபடி மேலே சென்று கொள்முதல், வழங்கல், உருவாக்கம், இயக்கம், பராமரிப்பு ஆகியவற்றை வாழ்நாளின் முதன்மைச் செயல்முறைகளாக வரிசைப்படுத்தி, மென்பொருளைப் பயன்பாட்டிலிருந்து விலக்குவதையும் பராமரிப்புக்குள் சேர்த்தது.

இக்காரணங்களால் ‘பயன்பாட்டு மென்பொருள் வாழ்நாள் மேலாண்மை’ என்பது முழுத் தொடராகவும், இடம் தெளிவாக இருக்கும்போது ‘மென்பொருள் வாழ்நாள் மேலாண்மை’ என்பது சுருக்கமாகவும் நிற்கலாம். எடுத்துக்காட்டு: “பழைய சம்பள மென்பொருளை விலக்குமுன் அதன் தரவைப் புதியதற்கு மாற்றிச் சரிபார்ப்பதும் மென்பொருள் வாழ்நாள் மேலாண்மையில் அடங்கும்.”