கூரையில் சூரிய மின்சாரம், கட்டணச் சீட்டில் இழப்பீடு: திறன்காரணி விதி விளக்கம்

உயர் மின்னழுத்த இணைப்பு பெற்ற ஆலை எதுவாயினும் அதன் மாதச் சராசரித் திறன்காரணி, அதாவது பவர் பேக்டர் (பாதையிலிருந்து இழுக்கும் மொத்தத் திறனில் உண்மையில் வேலை செய்யும் பங்கு), 0.90-க்குக் குறையக் கூடாது என்று தமிழ்நாடு மின்சார வழங்கல் விதித்தொகுப்பு, 2004 கூறுகிறது. குறைந்தால், 0.85 வரை ஒவ்வொரு 0.01-க்கும் மின்பயன்பாட்டுக் கட்டணத்தில் 1 சதவீதமும், 0.85-க்குக் கீழே 0.75 வரை 1.5 சதவீதமும், அதற்கும் கீழே 2 சதவீதமும் இழப்பீடாக வசூலிக்கப்படும். எந்தப் படியில் இருந்தாலும் குறைவு 0.90-லிருந்தே கணக்கிடப்படும். ஆகவே 0.82-இல் நிற்கும் ஆலை 12 சதவீதம் கூடுதலாகக் கட்ட நேரிடும். கும்பகோணம், மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டாரத்து அரிசி ஆலை உரிமையாளர்கள் கூரையில் சூரியத் தகடு பொருத்தும் முன் இந்த விதியைப் படித்துவிடுவது நல்லது. ஏனெனில் யூனிட் குறைந்த அதே மாதத்தில் இந்த இழப்பீடு புதிதாக முளைக்கக்கூடும்.

மோட்டார் ஓடக் காந்தப்புலம் வேண்டும். அந்தப் புலத்துக்காக மின்கம்பிக்கும் மோட்டாருக்கும் இடையே போய்த் திரும்பிக்கொண்டே இருப்பதுதான் ரியாக்டிவ் பவர்; அது நெல்லை அரைப்பதில்லை, யூனிட்டிலும் ஏறுவதில்லை, ஆனால் அதைச் சுமக்கும் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் சூடாகின்றன, கடைக்கோடியில் மின்னழுத்தம் இறங்குகிறது. குறுவை நடவின்போது வயல்களில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடும் டெல்டாவில், நீண்ட கிராமப் பாதைகளின் முனையில் இருப்பவர்களுக்கு இந்த இறக்கம் நன்றாகத் தெரியும். எனவே இவ்விதியை வெறும் வசூல் ஏற்பாடு என்று நான் கருதவில்லை. ஓர் ஆலை தனக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரைத் தன் வளாகத்திலேயே உண்டாக்கிக்கொண்டால் பக்கத்து வயலின் மோட்டாரும் பிழைக்கும்.

பகலில் 200 கிலோவாட் இழுக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். அதன் திறன்காரணி 0.92 எனில், 85 கே.வி.ஏ.ஆர். (ரியாக்டிவ் பவரின் அலகு) அளவுக்கு ரியாக்டிவ் பவரும் மின்வாரியத்தின் பாதையிலிருந்தே வருகிறது. இப்போது கூரைத் தகடுகள் 120 கிலோவாட் தருகின்றன. தகடுகளின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரோ, பெரும்பாலும் நடப்பதுபோல, திறன்காரணி 1 என்ற அமைப்பிலேயே, அதாவது ரியாக்டிவ் பவர் எதுவும் தராதபடி, விடப்பட்டிருக்கிறது. பாதையிலிருந்து வரும் கிலோவாட் 80 ஆகக் குறைகிறது, 85 கே.வி.ஏ.ஆர். மட்டும் அப்படியே நிற்கிறது. மீட்டர் காணும் திறன்காரணி அந்த நேரத்தில் 0.69-க்கும் கீழே போய்விடும். இரவு ஓட்டம் மாதச் சராசரியை ஓரளவு தூக்கிவிடும் என்றாலும், பகலில் மட்டும் ஓடும் ஆலைக்கு அந்த உதவியும் இல்லை. ஆலையில் எந்தப் பழுதும் இல்லாமலேயே, மோட்டார்கள் எல்லாம் முன்போலவே ஓடியும், இந்த நிலை வந்துவிடுகிறது.

இதே இன்வெர்ட்டரை 0.95 திறன்காரணியில் ரியாக்டிவ் பவர் கொடுக்கும்படி அமைத்தால் 39 கே.வி.ஏ.ஆர். கிடைக்கும், அதற்கு 126 கே.வி.ஏ. (இரண்டும் சேர்ந்த மொத்தத் திறன்) தாங்கும் இன்வெர்ட்டர் தேவை என்பதால், வாங்கும்போதே கேட்டுப் பெற வேண்டும். மீதத்துக்கு, ரியாக்டிவ் பவரை அந்த இடத்திலேயே தரும் கெப்பாசிட்டர் 25 கே.வி.ஏ.ஆர். அளவுக்குச் சேர்த்தால் திறன்காரணி 0.96-ஐத் தாண்டும்.

இங்கே பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. கெப்பாசிட்டர்களைத் தானாகச் சேர்த்து விலக்கும் பலகையிலுள்ள ரிலே, அதாவது கட்டுப்பாட்டுக் கருவி, கேபிளில் மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சி.டி. வழியாகத்தான் மின்னோட்டத்தைப் பார்க்கிறது. அந்த சி.டி. மோட்டார்களுக்குப் போகும் கேபிளில் மாட்டியிருந்து, சூரிய மின்சாரம் அதற்கு முன்பே வந்து சேர்ந்தால், ரிலேயின் கண்ணுக்கு 200 கிலோவாட்டும் 0.92-உம்தான் தெரியும்; பலகை 0.92 என்று காட்டிக்கொண்டிருக்க, வாசலில் உள்ள வாரிய மீட்டர் 0.69-க்கும் கீழே பதிவு செய்துகொண்டிருக்கும். சி.டி. வாரியப் பாதை உள்ளே நுழையும் இடத்தில் இருக்க வேண்டும். ஆலை ஓடாத நாளில் மின்சாரம் வெளியே பாயும் வாய்ப்பிருந்தால், இருதிசை ஓட்டத்தையும் சரியாகப் படிக்கும் ரிலேயும் வேண்டும்.

உமி அல்லது கரும்புச் சக்கையை எரித்து நீராவி டர்பைன் ஓட்டும் ஆலைகளில் கட்டுப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. பாதையோடு இணைந்த ஜெனரேட்டரில் நீராவியைக் கூட்டினால் கிலோவாட் கூடும். ஜெனரேட்டருக்குள் காந்தப்புலம் உண்டாக்கும் புலச் சுருளின் மின்னோட்டத்தைக் கூட்டினால், பாதையின் அழுத்தம் பெரிதாக மாறாமல், ரியாக்டிவ் பவர் வெளியே பாயும். தனித்து ஓடும்போது மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் அதே ஏ.வி.ஆர். (தானியங்கி மின்னழுத்தச் சீராக்கி), இணைந்து ஓடும்போதும் அப்படியே விடப்பட்டால், வயல் மோட்டார்களால் தாழ்ந்த பாதையைத் தூக்கி நிறுத்த முயன்று ஜெனரேட்டரைச் சூடாக்கிவிடும். பாதையின் அழுத்தம் உயர்ந்த இரவில் புலத்தைக் குறைத்துக்கொண்டே போய் ஜெனரேட்டர் பாதையோடு ஒரே தாளத்தில் சுழலும் ஒத்தியக்கத்தையே இழக்கச் செய்யும். ஜெனரேட்டரைப் பாதையோடு சேர்க்கும் இணைப்பு பிரேக்கர் மூடியதும் ஏ.வி.ஆர். திறன்காரணிக் கட்டுப்பாட்டுக்கு மாறுகிறதா, திறந்ததும் திரும்புகிறதா என்று ஆணையேற்பு நாளிலேயே, அதாவது முதன்முதலில் இயக்கத்துக்குக் கொண்டுவரும் நாளிலேயே, ஓட்டிப் பார்க்க வேண்டும்.

33 கே.வி.க்குக் குறைந்த இணைப்புகளுக்கான மத்திய மின்சார ஆணையத்தின் 2013 ஒழுங்குமுறைப்படி, மின்னழுத்தம் அதன் வழக்கமான அளவில் 110 சதவீதத்தைத் தாண்டினாலோ 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ உற்பத்திச் சாதனம் 2 விநாடிக்குள் விலக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் மோட்டார்கள் ஓய்ந்திருக்க, மேகம் விலகிய ஒரு நண்பகலில் அழுத்தம் ஏறும். ஆலை நின்ற பிறகும் இணைப்பிலேயே கிடக்கும் நிலையான கெப்பாசிட்டர்கள் அதை மேலும் ஏற்றும், இன்வெர்ட்டர் விலகும், அன்றைய உற்பத்தி போகும். அத்தகைய கெப்பாசிட்டர்களைத் தானியங்கிப் பலகைக்கு மாற்றுவதும், அழுத்தம் உயரும்போது ரியாக்டிவ் பவரை உள்வாங்கும்படி இன்வெர்ட்டரை அமைப்பதும் வாரியப் பொறியாளரின் ஒப்புதலோடு மழைக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்.